எழுத்தில் இல்லாத ஏற்ற இறக்கம்: ஜப்பானிய மொழியும் நம் நாவும்

2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு குறித்த திறன் தொழிலாளர்களுக்கான புதிய வீசா முறையைத் தொடங்கியதும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அதற்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டதும், 2022இன் பொருளாதார நெருக்கடி இளைஞர்களை வெளிநாட்டு வேலையின் பக்கம் மேலும் தள்ளியதும் சேர்ந்து, இலங்கையில் ஜப்பானிய மொழி வகுப்புகளுக்குப் பெரும் தேவையை உருவாக்கியுள்ளன. களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கும், பாடசாலைகளில் க.பொ.த. உயர்தரத்துக்கும் உரிய பாடமாக நெடுங்காலம் இருந்துவந்த ஒரு மொழி, இன்று முதியோர் பராமரிப்புக்கும் உணவகப் பணிக்கும் கட்டட வேலைக்கும் செல்ல விரும்புவோரின் அன்றாடக் கல்வியாகியிருக்கிறது. இந்தக் கல்வியில் எழுத்தும் சொல்லும் இலக்கணமும் பெறும் கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பெறாத ஒன்று, சொல்லுக்குள் குரல் ஏறி இறங்கும் முறையாகும்.

கொழும்பின் கிழக்கு எல்லையை ஒட்டி, களனி ஆற்றின் தென்புறத்தில் அமைந்த கொலன்னாவை போன்ற நகரில் தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. இவ்விரு மொழியினருக்கும் ஜப்பானிய இலக்கணம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமைப் பொருளைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், அடைமொழி பெயருக்கு முன்னால் நிற்பதும் மூன்று மொழிகளுக்கும் பொதுவானவை. தமிழரைப் பொறுத்தவரை இந்த ஒற்றுமைக்கு ஒரு புகழ்பெற்ற வரலாறும் உண்டு. தோக்கியோவின் கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) ஜப்பானிய மொழியின் வேரைத் தமிழில் தேடியபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் அவருடன் சேர்ந்து பணியாற்றினர். ஓனோவின் உறவுக் கொள்கையை ஒப்பியல் மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் தமிழருக்கு ஜப்பானியம் எளிது என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. சொல்லடுக்கு முறையில் அந்த எண்ணம் ஓரளவு உண்மை. குரலின் ஏற்ற இறக்கத்தில் அது உண்மையன்று.

சொல்லுக்குரிய சுருதி

பேசும்போது குரல்நாண்கள் ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கின்றன என்பதைப் பொறுத்தே குரல் உயர்ந்தோ தாழ்ந்தோ கேட்கிறது. இதனைச் சுருதி என்கிறோம். எல்லா மொழிகளிலும் வியப்பு, வினா, கோபம் முதலியவற்றைக் காட்டச் சுருதி பயன்படுகிறது. ஜப்பானியத்தில் அதற்கு மேலதிகமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் தனக்கென வரையறுக்கப்பட்ட ஏற்ற இறக்கம் இருக்கிறது. இக்கட்டுரையில் அது சொற்சுருதி எனப்படுகிறது.

சொற்சுருதியை அளக்கும் அலகு மோரா. தமிழ் இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் மெய்க்கு அரை மாத்திரையும் வகுத்ததை அறிந்தவருக்கு இந்த அலகைப் புரிந்துகொள்வது எளிது. வேறுபாடு மெய்யின் அளவில்தான் இருக்கிறது. ஜப்பானியத்தில் அசையிறுதி ‘ன்’ ஒரு முழு மோரா. இரட்டிக்கும் மெய்யின் முதற்பாதியும் ஒரு முழு மோரா. ஆகவே ஜப்பான் நாட்டின் பெயரான ‘நிப்பொன்’ தமிழ்க் கணக்கில் மூன்று மாத்திரை பெற, ஜப்பானியக் கணக்கில் நான்கு மோரா பெறுகிறது. ஒவ்வொரு மோராவும் உயர்ந்த சுருதியிலோ தாழ்ந்த சுருதியிலோ ஒலிக்கும்.

தோக்கியோப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியில் இதற்கு இரண்டு விதிகள் உள்ளன. முதல் மோராவும் இரண்டாம் மோராவும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பது ஒன்று. ஒரு சொல்லுக்குள் ஒருமுறை விழுந்த குரல் அச்சொல் முடியும்வரை மீண்டும் எழாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தால், கற்பவர் நினைவில் வைக்க வேண்டியது, குரல் எந்த மோராவுக்குப் பின் விழுகிறது, அல்லது விழாமலே இருக்கிறதா என்ற ஒரே செய்திதான். இரண்டு மோரா கொண்ட பெயர்ச்சொல்லுக்கு மூன்று வடிவங்களும், மூன்று மோரா கொண்டதற்கு நான்கு வடிவங்களும் இயலும்.

‘ஹஷி’ என்ற சொல் இம்மூன்றையும் காட்டுகிறது. முதல் மோரா உயர்ந்து இரண்டாவது தாழ்ந்தால் அது உணவு உண்ணும் குச்சிகளைக் குறிக்கும். முதலாவது தாழ்ந்து இரண்டாவது உயர்ந்தால் பாலத்தையும் குறிக்கலாம், விளிம்பையும் குறிக்கலாம். தனித்து நிற்கும்போது இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். எழுவாய் உருபு பின்னால் ஒட்டும்போது, பாலத்தைக் குறிக்கும் சொல்லில் அவ்வுருபு தாழ்ந்தும், விளிம்பைக் குறிக்கும் சொல்லில் அது உயர்ந்தபடியும் ஒலிப்பதால் வேறுபாடு வெளிப்படுகிறது. மலரையும் மூக்கையும் குறிக்கும் ‘ஹன’ என்ற சொல்லிலும் இதே நிலைதான். சொல்லின் சுருதி சொல்லைக் கடந்து உருபில் தெரிவதால், சொற்களைத் தனித்தனியாக ஒப்புவித்துப் பழகும் மாணவர் இந்த வேறுபாட்டை ஒருமுறையேனும் கேட்காமலே பாடத்தை முடித்துவிட முடியும்.

தமிழ் மரபு அறிந்த இசை

ஓசையின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும் என்பது தமிழ் இலக்கணிகளுக்குப் புதிய செய்தியன்று. எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும் இருவேறு தொடர்களை இசையால் பிரித்தறிய வேண்டும் என்று தொல்காப்பியம் கூறுகிறது; ‘செம்பொன்பதின்றொடி’ என்பதைச் செம்பொன் பத்துத் தொடி என்றும், செம்பு ஒன்பது தொடி என்றும் கொள்ள இடமிருப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற ஓசை வேறுபாடுகளை நன்னூல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேத வடமொழியில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற சுரங்கள் சொல்லுக்கே உரியனவாக இருந்ததையும் இந்நிலப்பரப்பின் இலக்கண மரபு நன்கு அறிந்திருந்தது.

ஆயினும் தமிழ் இலக்கணம் பேசும் இசை, தொடர்கள் எங்கே பிரிகின்றன என்பதையும் ஒரு சொல் எவ்வகையில் நிற்கிறது என்பதையும் காட்டுவது. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனிச் சுருதி வடிவம் இன்றைய தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ‘படி’ என்ற சொல் வாசிப்பதையோ வாசற்படியையோ அளவைக் கருவியையோ குறித்தாலும் குரலின் உயரம் அதனைத் தீர்மானிப்பதில்லை. தெற்காசியாவில் பஞ்சாபி போன்ற மொழிகள் சொற்பொருளைச் சுருதியால் பிரிக்கின்றன; தமிழும் சிங்களமும் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே கொழும்பின் மாணவர் ஜப்பானியச் சொல்லைக் கேட்கும்போது, அவருடைய செவி ஒலிகளைக் குறித்துக்கொண்டு சுருதியைப் பேசுபவரின் உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுகிறது.

தாய்மொழி இடும் சுவடு

வெளிநாட்டவர் ஜப்பானியச் சொற்சுருதியை ஒலிக்கும் முறை அவரவர் தாய்மொழியைப் பொறுத்து மாறுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை உயர்ந்த சுருதியோடு நீளமும் உரப்பும் உயிரொலித் தெளிவும் சேர்த்துப் பெறும். ஜப்பானியத்தின் சொற்சுருதியோ ஏறத்தாழ முழுமையாகக் குரலின் உயரத்தை மட்டுமே நம்பியிருப்பதை மேரி பெக்மன் 1986இல் வெளியிட்ட ஒப்பாய்வு விளக்கியது. எனவே ஆங்கிலம் பேசுபவர் சுருதியை உயர்த்த முயலும்போது உயிரையும் நீட்டிவிடுகிறார். மாமி முறைப் பெண்ணைக் குறிக்கும் ‘ஒபசன்’ பாட்டியைக் குறிக்கும் ‘ஒபாசன்’ ஆகிவிடும் மொழியில் இந்த நீட்டல் சிறிய பிழையன்று. சீனம் பேசுபவரின் செவி சுருதிக்குப் பழகியது. ஆனால் ஒவ்வொரு அசைக்கும் தனித் தொனி கொடுக்கும் வழக்கத்தை அவர் கைவிட வேண்டியிருக்கிறது. சொல்லழுத்தத்தால் பொருளைப் பிரிக்காத பிரெஞ்சு மொழியினர், அழுத்தம் மட்டும் வேறுபடும் சொற்களை நினைவில் பிரித்து வைக்கத் தடுமாறுவதை இம்மானுவல் தூப்பூவும் அவருடைய குழுவினரும் 1997இல் காட்டினர். தாய்மொழி பொருட்படுத்தாத வேறுபாட்டைச் செவி கேட்டாலும் மனம் பதிவு செய்வதில்லை என்ற அந்த முடிவு தமிழரும் சிங்களவரும் கருதத்தக்கது.

தமிழ்ப் பேச்சின் சுருதி பற்றி எலினோர் கீன் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் வாக்கியம் சிறு தொடர்களாகப் பிரிந்து, ஒவ்வொரு தொடரும் தாழத் தொடங்கி உயர்ந்து முடியும் இயல்பை விவரிக்கிறது. ‘நாளைக்கு அண்ணா கொழும்புக்குப் போறார்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தால், முதல் மூன்று சொற்களிலும் குரல் அடியிலிருந்து எழுவதும், அடுத்த சொல்லின் தொடக்கத்தில் மீண்டும் அடிக்கு வருவதும் தெரியும். இவ்வாறு திரும்பத் திரும்ப எழும் வடிவம் தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதை சமீர் உத் தவ்லா கான் 2016இல் எடுத்துக்காட்டினார்.

இந்தப் பழக்கத்தோடு ஜப்பானியத்துக்குள் நுழைபவருக்கு எது எளிது, எது கடினம் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். தாழத் தொடங்கி எழுந்து, விழாமல் நீளும் சொற்கள் நம் நாவுக்கு இயல்பாக வரும். முதல் மோராவிலேயே உயர்ந்து உடனே விழும் சொற்கள், அதாவது மழையைக் குறிக்கும் ‘அமெ’, கடவுளைக் குறிக்கும் ‘கமி’ போன்றவை, நம் வழக்கத்துக்கு நேர் எதிரானவை; அவற்றைத் தாழத் தொடங்கினால் முன்னது மிட்டாயாகவும், பின்னது காகிதமாகவோ கூந்தலாகவோ மாறிவிடும். குரல் விழுந்த பின் வரும் உருபையும் தமிழ் வழக்கப்படி எழுப்பிவிட்டால், கேட்கும் ஜப்பானியருக்கு அது வினாவைப் போலவோ முடிக்காத பேச்சைப் போலவோ தோன்றக்கூடும். இலங்கையில் ஆங்கிலமும் உடன் கற்ற மாணவர், உயரும் அசையை நீட்டும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு வருவது இயல்பு. ஆனால் குறில், நெடில் வேறுபாட்டையும் மெய் இரட்டிப்பதையும் தாய்மொழியிலேயே பெற்ற தமிழருக்கு அந்தப் பிழையைத் திருத்துவது ஆங்கிலேயருக்கு இருப்பதைவிட எளிது.

எந்தத் தாய்மொழியினராயினும் பொதுவாகக் காணப்படும் குறை ஒன்றுண்டு: ஒரே மாணவர் ஒரே சொல்லை ஒருமுறை ஒரு சுருதியிலும் மறுமுறை வேறு சுருதியிலும் ஒலிப்பார். நாவின் இயலாமையைக் காட்டிலும் நினைவின் வெறுமையே இதற்குக் காரணம்; சொல்லோடு சேர்த்து அதன் சுருதியைக் கற்காதவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வகுப்பறை மறைக்கும் பாடம்

இந்த வெறுமை ஏற்படுவதற்கு வகுப்பறையின் அமைப்பே பெரிதும் காரணமாகிறது. ஜப்பானிய எழுத்துமுறை சுருதியைக் குறிப்பதில்லை. தொடக்கநிலைப் பாடநூல்கள் பலவும் சொற்பட்டியலில் அதற்கான அடையாளம் இடுவதில்லை. மாணவர் பயிற்சிப் புத்தகத்தில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும்போது இழப்பு இன்னும் பெருகுகிறது. சாவியைக் குறிக்கும் சொல்லையும் சீமைப் பனிச்சைப் பழத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘ககி’ என்றே எழுத நேர்கிறது; இடையில் வரும் ககரம் தமிழில் தானாகவே மெலிந்து ஒலிப்பதால் பழமும் சாவியாகிவிடுகிறது, வல்லொலி வேண்டி ‘கக்கி’ என்று எழுதினாலோ இல்லாத ஒரு மோரா கூடிவிடுகிறது.

தேர்வுகளும் இக்குறையை வெளிக்கொணர்வதில்லை. 1984இல் தொடங்கி, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றைச் சோதிக்கிறதே தவிர, தேர்வரைப் பேசவைப்பதில்லை. குறித்த திறன் வீசாவுக்கு அத்தேர்வின் நான்காம் நிலைக்கு மாற்றாக ஏற்கப்படும் அடிப்படைத் தேர்வும் கணினி முன் அமர்ந்து விடையைத் தெரிவு செய்வதாகவே அமைந்துள்ளது. ஆகவே ஒருவர் தமது சொற்சுருதியை எவரும் ஒருமுறைகூட மதிப்பிடாமலே விமானம் ஏறிவிடலாம்.

மரியாதை வினைவடிவத்தை முதலில் கற்பிக்கும் முறையும் சிக்கலைத் தள்ளிப்போடுகிறது. ‘மஸு’ என முடியும் வினைகள் அனைத்திலும், வினைப்பகுதி எதுவாயினும், குரல் ‘ம’வுக்குப் பின்னரே விழும், குடித்தலைக் குறிக்கும் ‘நொமிமஸு’வும் அழைத்தலைக் குறிக்கும் ‘யொபிமஸு’வும் இதில் ஒரே தாளம் கொண்டவை. ஆனால் உடன் பணிபுரிவோர் தமக்குள் பேசும் சாதாரண வடிவத்தில் ‘நொமு’ முதல் மோராவிலேயே விழ, ‘யொபு’ விழாமல் நிற்கிறது. மரியாதை வடிவத்தை மட்டும் பழகி வேலைத்தலத்துக்குச் செல்பவர் இந்த வேறுபாட்டை அங்கேதான் முதன்முறையாகச் சந்திக்கிறார்.

எவ்வளவு முக்கியம்?

இதன் முக்கியத்துவத்தை மிகைப்படுத்தவும் தேவையில்லை. ஜப்பானியத்தில் ஒரே ஒலி கொண்ட சொற்களில் சுருதியால் பிரித்தறியத்தக்கவை 14 சதவீதத்துக்கும் குறைவு என்றும், சீனத்தில் அது 71 சதவீதம் என்றும் ஷிபாதா ஆய்வாளர்கள் 1990இல் கணக்கிட்டனர். உணவு மேசையில் பாலத்தைக் கேட்டாலும் குச்சிகள் வந்துவிடும்; சூழல் பெரும்பாலான பிழைகளைத் திருத்திவிடுகிறது. ஜப்பானியருக்குள்ளேயே ஒரே முறை இல்லை. ஒசாக்கா, கியோத்தோப் பேச்சில் ‘ஹஷி’ முதலில் உயர்ந்தால் பாலம், பின்னர் உயர்ந்தால் குச்சிகள். இபராக்கி, தொச்சிகி, ஃபுக்குஷிமா, மியாசாக்கி மாகாணங்களின் பல பகுதிகளில் சொற்களைச் சுருதியால் பிரிக்கும் வழக்கமே இல்லை. ஒலிபரப்பாளர்களுக்கெனப் பொது வடிவத்தை வரையறுக்கும் அகராதியை என்.எச்.கே. நிறுவனம் 1943இல் முதன்முறையாக வெளியிட்டு, 2016இல் புதுப்பித்தமைக்கும் இந்தப் பன்மையே பின்னணி.

ஆயினும் பொருள் தவறாமல் சென்று சேர்வது ஒன்று, சிரமமின்றிச் சென்று சேர்வது மற்றொன்று. ஒவ்வொரு சொல்லிலும் எதிர்பாராத இடத்தில் குரல் விழும்போது, கேட்பவர் சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதையே ஊகிக்க வேண்டியதாகிறது. இலங்கையிலிருந்து செல்லும் பராமரிப்புப் பணியாளரின் பேச்சைக் கேட்போர் செவித்திறன் குறைந்த முதியவர்களாக இருக்கும்போது, அந்த ஊகத்தின் சுமையைத் தாங்க வேண்டியவரும் அம்முதியவரே.

கற்கத்தக்க வழிகள்

முதலாவது வழி மிக எளியது. ஜப்பானிய அகராதிகள் சொற்சுருதியை ஓர் இலக்கத்தால் குறிக்கின்றன: குரல் விழாத சொல்லுக்கு 0, முதல் மோராவுக்குப் பின் விழுவதற்கு 1, இரண்டாவதற்குப் பின் விழுவதற்கு 2. குச்சிகளுக்கு ஹஷி 1, பாலத்துக்கு ஹஷி 2, விளிம்புக்கு ஹஷி 0 என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் உருபோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் நினைவின் வெறுமை நீங்கத் தொடங்கும். சந்தேகம் எழும் இடங்களில், தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் மினெமத்சு ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஓஜாட் என்ற இலவச இணைய அகராதி உதவும். வினைகளின் திரிபு வடிவங்களின் சுருதியையும், இட்ட வாக்கியம் முழுவதன் சுருதிக் கோட்டையும் அது வரைந்து காட்டுகிறது.

இரண்டாவது, மனனத்தைக் குறைக்கும் விதிகளை அறிவது. மொழியைக் குறிக்கும் ‘கொ’ என்ற ஈறு சேர்ந்தால் சொல் விழாத வகையாகிவிடும். ஜப்பானிய மொழியைக் குறிக்கும் ‘நிஹொங்கொ’வும் தமிழ் மொழியைக் குறிக்கும் ‘தமிருகொ’வும் அவ்வாறே தாழத் தொடங்கி எழுந்து நீள்கின்றன. பிறமொழிச் சொற்களில் பெரும்பாலானவை இறுதியிலிருந்து எண்ணும்போது மூன்றாவது மோராவுக்குப் பின் விழுகின்றன. ‘சுரிரங்க’ என்று ஐந்து மோராவில் ஒலிக்கும் நம் நாட்டின் பெயரில் ‘ர’வுக்குப் பின் குரல் விழுவது அதனால்தான். பெயரடைகளும் வினைகளும், சில விலக்குகள் தவிர, விழுபவை, விழாதவை என்ற இரண்டே வகைகளில் அடங்குகின்றன.

மூன்றாவது, பல குரல்களில் கேட்டுப் பழகுவது. ஜப்பானியர் ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ ஒலிகளைப் பிரித்தறியக் கற்பதற்கு, பலரின் குரல்களில் அமைந்த பயிற்சி துணைபுரிந்ததை இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்டனர். சுருதிக்கும் இவ்வழியே பொருந்தும். வசேதாப் பல்கலைக்கழகத்தின் தோதா தக்காக்கோ நடத்தும் இணைய உச்சரிப்புப் பாடம், பேசுபவரின் பின்னாலேயே நிழல்போல் தொடர்ந்து ஒப்புவிக்கும் பயிற்சிக்கு நல்ல தொடக்கம். தமது குரலைக் கண்ணால் காண விரும்புவோருக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருள் ஒலிப்பதிவின் சுருதிக் கோட்டை வரைந்து கொடுக்கிறது.

இவை எவற்றுக்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது வகுப்பு நடத்துவோரின் ஒரு முடிவு: முதல் பாடத்தின் முதல் சொற்பட்டியலிலிருந்தே ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதன் சுருதி இலக்கத்தை அச்சிட்டு, பொருளைக் கேட்பதுபோல் அதனையும் மாணவரிடம் கேட்க வேண்டும். தவறான சுருதியில் ஆயிரம் சொற்களைப் பழகிய பின் திருத்துவதைவிட, பத்துச் சொற்களோடு சேர்த்துக் கற்பது எளிது. பொருளும் எழுத்தும் போலவே சுருதியும் சொல்லின் பகுதி என்று கொள்ளும் ஆசிரியரிடம் கற்ற மாணவர், தேர்வில் அதற்கென ஒரு புள்ளியும் பெறப்போவதில்லை. ஜப்பானில் வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே அதன் பயனைப் பெறுவார்.